கோலின் மறு முனையில் யார்?

உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் இந்தக் காட்சியைக் காணாதவர் யார்? கண் தெரியாத பெரியவர் ஒருவர் கோல் பிடித்து நிற்கிறார். கோலின் மறு முனை அவருடைய பேத்தியின் கையில். எட்டு, ஒன்பது வயதிருக்கும். பள்ளிக்கூட மணி அடித்து வெகு நேரமாகிவிட்டது. தாத்தாவை ஆஸ்பத்திரிக்கோ தாலுகா ஆபீசுக்கோ அவள்தான் கூட்டிப் போக வேண்டும். அம்மா நடவுக்குப் போய்விட்டாள். ஒருநாள் கூலியை விட்டால் அன்று அடுப்பு எரியாது.

இந்தச் சிறுமி செய்யும் வேலையை மேல்நாடுகளில் பழக்கிய நாய் செய்கிறது. இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலர் சிரிக்கிறார்கள். "மனுஷனுக்கே சோறில்லை, நாய்க்கு உத்தியோகமா?" என்கிறார்கள். ஆனால் இது சிரித்துத் தள்ளும் விஷயமல்ல.

முதல் உலக யுத்தத்தில் விஷவாயுவாலும் குண்டு வீச்சாலும் கண்ணிழந்த சிப்பாய்கள் ஏராளம். அவர்களுக்காகத்தான் 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் வழிகாட்டி நாய்களைப் பழக்கும் பள்ளி திறக்கப்பட்டது. அமெரிக்காவில் 1929-லும் பிரிட்டனில் 1931-லும் அந்த முறை வேரூன்றியது. சீமான்களின் பொழுதுபோக்கில் பிறந்ததல்ல இது. மேலே இருப்பவர்கள் மூட்டிய யுத்தத்துக்குத் தங்கள் கண்ணைக் கொடுத்தவர்களின் தேவையில் பிறந்தது.

அந்த நாய் குட்டிப் பருவத்தில் சுமார் ஓராண்டு ஒரு குடும்பத்தில் வளர்கிறது. பிறகு பல மாதங்கள் பயிற்சி. படி வந்தால் நிற்கும், பள்ளம் வந்தால் விலகும். "போ" என்று சொன்னாலும் எதிரே வண்டி வந்தால் நகராது. தவறான உத்தரவுக்குக் கீழ்ப்படியாமல் நிற்பதும் அதன் பயிற்சியில் ஒரு பாடம்! எட்டு, பத்து வயதானால் அதற்கு ஓய்வு கொடுத்துவிடுகிறார்கள். நம் ஊர் நடவுக்காரிக்கு அறுபது வயதிலும் ஓய்வு உண்டா?

அமெரிக்காவின் 1990-ம் வருஷச் சட்டப்படி, ஊனமுற்றவருக்காக வேலை பழகிய நாயை ஹோட்டலிலும் கடையிலும் தடுக்கக் கூடாது. மன ஆறுதலுக்காக மட்டும் வளர்க்கும் பிராணிக்கு அந்தச் சட்டம் இவ்வுரிமையைத் தரவில்லை. ஆனால் மன ஆறுதல் அற்ப விஷயமென்று யார் சொல்வது? மகன் ஒரகடத்துக் கம்பெனிக்குப் போய்விட, குடிசையில் தனித்திருக்கும் கிழவிக்கு ஓர் ஆடுதான் பேச்சுத் துணை. மருந்துச் செலவு வந்தால் அந்த ஆட்டைத்தான் சந்தைக்கு ஓட்டுகிறாள். அன்று இரவு அவளுக்குப் பேச யாருமில்லை. வறுமை துணையையும் விற்க வைக்கிறது.

நம் நாட்டில் வழிகாட்டி நாய் மிக அபூர்வம். பயிற்சிக்குப் பெரும் பணம் வேண்டும் என்பது ஒரு காரணம். அது மட்டுமா? நடைபாதை இல்லாத ரோட்டில், திறந்து கிடக்கும் சாக்கடையில், கும்பலாய்ப் பாயும் தெருநாய்களுக்கு நடுவில் எந்த நாய் வழிகாட்டும்? வழியே இல்லாத இடத்தில் வழிகாட்டி என்ன செய்யும்?

ஆகவே நாம் கேட்பது இதுதான். வழிகாட்டி நாயோடு வருபவருக்கு பஸ்ஸிலும் ஆபீசிலும் கதவு அடைக்கப்படக் கூடாது. அதைச் சட்டம் தெளிவாகச் சொல்லட்டும். ஆனால் நாய் வரும்வரை அந்தச் சிறுமி கோல் பிடித்து நிற்க முடியாது. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தருவதற்குத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. கூடவே சர்க்காரின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு என்று ஒரு வாலையும் ஒட்டி வைத்திருக்கிறது. கடுமையான ஊனமுற்ற ஏழைக்கு மத்திய சர்க்கார் தன் பங்காக மாதம் 300 ரூபாய் என்று 2012-ல் நிர்ணயித்தது; பத்தாண்டு கடந்தும் அதை உயர்த்தவில்லை. பக்கத்து ஆந்திரத்தில் 2024-ல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாய் ஆயிற்று. அங்கே முடிந்தது மற்ற இடங்களில் ஏன் முடியாது?

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குடவோலை முறை நடந்த ஊர் என்று உத்திரமேரூருக்குப் பெருமை. நிலம் இல்லாதவன் பெயர் அந்தக் குடத்தில் விழவில்லை என்பதையும் அதே கல்வெட்டுதான் சொல்கிறது. இன்று நிலைமை வேறு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. அந்த நாற்காலி வெறும் அலங்காரமாகிவிடக் கூடாது. பராமரிப்பாளர் படி, நடக்கத் தக்க ரோடு, ஏறத் தக்க பஸ் ஆகியவற்றை அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பவருக்குப் பின்னால் நாம் நிற்க வேண்டும்.

பட்டறையில் தெறிக்கும் இரும்புத் துண்டும், களத்து மேட்டில் பறக்கும் பதரும் யார் கண்ணையும் விட்டு வைப்பதில்லை. நாளை அந்தக் கோல் நம் கைக்கும் வரலாம். அப்போது மறு முனையில் நம் வீட்டுப் பெண் குழந்தை நிற்க வேண்டுமா? அவள் இருக்க வேண்டிய இடம் பள்ளிக்கூடம்.