பத்துப் பொருத்தம் பார்த்த சக்கரம்

ஒரு கம்பெனி மிக்ஸியின் ஜாரை இன்னொரு கம்பெனி மிக்ஸியில் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? வாய் சரியாக இருக்கிற மாதிரித்தான் தோன்றும். அடியில் பல் கடிக்காது. அதற்குப் பிறகு சட்னி கூரை வரை போன கதையை நீங்களே சொல்லிக் கொள்ளுங்கள்! ஜாருக்கே இந்தப் பாடு என்றால், பெண்டு பிள்ளைகளை ஏற்றிக் கொண்டு ஓடும் பழைய வேனுக்கு வேறு கம்பெனிக் காரின் சக்கரத்தை மாட்டினால்?

மாட்டுகிறார்கள், அம்மணி, மாட்டத்தான் செய்கிறார்கள். ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பழைய வோக்ஸ்வேகன் வேன்களைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிறவர்கள் ஏராளம். உள்ளேயே அடுப்பு, உள்ளேயே படுக்கை. விடுமுறை வந்தால் வீட்டோடு கிளம்பி விட வேண்டியதுதான். 1950-ல் பிறந்த வண்டி வம்சம் அது. 1979-ல் வந்த மூன்றாம் தலைமுறை வேனுக்கு 14 அங்குலச் சக்கரம். "டயருக்கு அலைய வேண்டியிருக்கிறது, பார்வைக்கும் சோப்ளாங்கியாக இருக்கிறது" என்று சொல்லி, மெர்ஸிடிஸ் பென்ஸ் காரின் 15 அங்குல அலாய்ச் சக்கரத்தைத் தேடிப் போகிறார்கள். அழகுக்குச் செய்கிறவர்கள்தான் அதிகம் என்பது என் எண்ணம். போகட்டும்.

சக்கரத்துக்கும் ஜாதகம் உண்டு. முதலில் பார்க்க வேண்டியது ஐந்து போல்ட் துளைகளும் எந்த அளவு வட்டத்தில் அமைந்திருக்கின்றன என்பது. 1970-ம் ஆண்டு மாடல் வரையில் இந்த வேன்களில் அது 205 மில்லிமீட்டர். 1971 மாடலிலிருந்து 112. பென்ஸ் கார்களிலும் 112! இதைக் கண்டதும் பல பேர் தாம்பூலமே மாற்றி விடுகிறார்கள்.

அவசரப்படக் கூடாது. நடுத் துளை என்று ஒன்று இருக்கிறதே! பென்ஸ் சக்கரத்தில் அது 66.6 மில்லிமீட்டர், வேனின் ஹப் அதில் உட்கார்ந்து விடும். வேடிக்கையைக் கேளுங்கள். ஆடி என்பது வோக்ஸ்வேகனின் சொந்தக் குடும்பம். ஆனால் 1990-களின் ஆடி கார்கள் பலவற்றில் போல்ட் வட்டம் 112 ஆக இருந்தும், நடுத் துளை 57.1 தான். கடைந்து பெரிதாக்கினால் ஒழிய ஏறாது. பங்காளி கைவிட, அடுத்த தெருக்காரர் ஒத்துப் போகிறார்!

இனிமேல்தான் உயிர் விஷயம். போல்ட்டின் தலைக்குக் கீழே இருக்கும் பாகம், சக்கரத்தின் குழியில் அச்சாகப் பதிய வேண்டும். சிலவற்றில் அது கூம்பு வடிவம், சிலவற்றில் உருண்டை. உருண்டையிலும் அளவு வித்தியாசம் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. முடுக்கினால் இறுகின மாதிரியே இருக்கும். ஆனால் ஓரத்தில் மட்டும் தொட்டுக் கொண்டிருப்பதால், ஓட ஓடத் தளரும். நெடுஞ்சாலையில் சக்கரம் கழன்று தனியே உருண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டுமா? அலாய்ச் சக்கரம் இரும்புச் சக்கரத்தைவிடத் தடிமனாக இருப்பதால், பழைய நீளத்துப் போல்ட் போதாமலும் போகலாம். மரை நாலு சுற்று மட்டும் பிடித்து நிற்கும்.

அப்புறம் பாரம். காரின் சக்கரம் காருக்காகச் செய்தது. வேனுக்கோ எஞ்சினே பின்பக்கம். அதன்மேல் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, மாமியார், மூட்டை முடிச்சு! டயரின் பக்கவாட்டில் 91 என்று எண் இருந்தால் அது தாங்குவது 615 கிலோ. 97 என்றால் 730. பின்னால் 1300 கிலோ ஏறும் வண்டி என்று வைத்துக் கொள்ளுங்கள். 91 எண் டயர் இரண்டும் சேர்ந்து 1230 தான். கணக்கு இடிக்கிறதல்லவா? வீட்டுக் கணக்கு எழுதுகிற நீங்கள் இதைக் கேட்டால் எந்த மெக்கானிக்கும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். டயர் மட்டும் போதாது, சக்கரமும் அந்தப் பாரத்துக்கு ஏற்றதா என்று கேளுங்கள்.

சக்கரம் உள்ளே தள்ளி அமர்ந்தால் பிரேக்கிலோ சஸ்பென்ஷனிலோ உரசும். வெளியே தள்ளினால் மட்கார்டில். திருப்பத்தில், நிறைந்த பாரத்தோடு பார்த்தால்தான் தெரியும். காலி வண்டியை வாசலில் நிறுத்தி "அம்சமாக இருக்கிறது" என்பதில் பிரயோஜனமில்லை.

ஜெர்மனியில் இப்படி மாற்றினால் பரிசோதகரிடம் காட்டிச் சான்று வாங்க வேண்டும். தவறினால் வண்டி ஓட்டும் அனுமதியே போய்விடலாம். இன்ஷ்யூரன்ஸிலும் வம்பு வரும். அவர்கள் கெடுபிடியைச் சிலர் திட்டுகிறார்கள். எனக்கென்னவோ அது பிடித்திருக்கிறது.

எல்லாம் பொருந்தி மாட்டியாயிற்றா? அழுத்தத்தை அளந்து காட்டும் ஸ்பானரால் முடுக்கச் சொல்லுங்கள். 50 கிலோமீட்டர் ஓடியதும், காபிக்கு நிறுத்துகிற சாக்கில், ஐந்து போல்ட்டையும் மறுபடி முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காபி ஆறினால் பரவாயில்லை. வேறு போட்டுக் கொள்ளலாம்.