வசனம் மனிதனை நடத்துகிறதா?

கிறிஸ்தவ நண்பர்களில் பலர், மற்ற மதங்களுக்கு இல்லாத ஒரு பெருமை தங்கள் மதத்துக்கு உண்டென்று சொல்லுவார்கள். அதாவது, தங்கள் வேதம் பட்டுத்துணியில் சுற்றி வைத்துக் கும்பிடுவதற்கல்ல என்றும், தினமும் படித்து அதன்படி நடப்பதற்கே ஏற்பட்டதென்றும் சொல்லுவார்கள். கத்தோலிக்கருக்கு இன்ன நாளைக்கு இன்ன வாசகம் என்று சபையே வகுத்துக் கொடுத்திருக்கிறது. புராட்டஸ்டண்டுகாரர்கள் விடியற்காலையில் தாங்களே புஸ்தகத்தைத் திறந்து தியானம் செய்கிறார்கள். வருஷப் பிறப்பன்று வாக்குத்தத்த வசனம் என்று ஓர் அட்டையை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுகிறார்கள்.

படிப்பதை நாம் குறை சொல்லவில்லை. படிப்பே கூடாதென்று பெரும்பாலான மக்களை ஒதுக்கி வைத்திருந்த நாட்டில், யாரும் வேதத்தைத் தொட்டுப் படிக்கலாம் என்பது சாமான்யமான காரியமல்ல. நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். வசனம் மனிதனை நடத்துகிறதா, அல்லது மனிதன் தன் சௌகரியத்துக்கு வசனத்தை நடத்துகிறானா?

அந்த அட்டையையே பாருங்கள். ஆசீர்வாதமும் பெருக்கமும் வரும் என்கிற வசனமாகவே அதில் இருக்கும். சொத்தையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிடும்படி ஏசு ஒரு பணக்கார வாலிபனுக்குச் சொன்னதாக மத்தேயு எழுதியிருக்கிறாரே, அதை எவராவது சுவரில் மாட்டியிருக்க நாம் பார்த்ததில்லை.

இது சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதி. சிரிக்க முடியாத சங்கதியும் உண்டு. 1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் நீக்ரோ அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சிட்டார்கள். முழுப் பைபிளில் 1189 அதிகாரங்கள்; இதில் விட்டுவைத்தது 232 தான். அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு எஜமானுக்கு உண்மையாக உழைத்த கதை இருந்தது. அடிமைப்பட்ட இஸ்ரவேலரை மோசே எகிப்திலிருந்து மீட்டுக்கொண்டு போன கதை இல்லை. அடிமைகள் எஜமானர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டுமென்று பவுல் எபேசியருக்கு எழுதியது இருந்தது. கிறிஸ்துவுக்குள் அடிமை என்றும் சுயாதீனன் என்றும் பேதமில்லை என்று அதே பவுல் கலாத்தியருக்கு எழுதியது இல்லை. இதுதான் அடிமையின் தினசரி வாழ்க்கைக்கு உகந்த வேதமாம்!

அது வெள்ளைக்கார முதலாளிக்காகச் செய்த அக்கிரமம், நம்மவர்கள் அப்படியில்லை என்று நினைப்பவர்கள் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தைக் கேட்கட்டும். அங்கே வேதத்தில் ஓர் ஏட்டையும் கிழிக்கவில்லை; கோயிலைத்தான் இரண்டாக்கினார்கள். 1872-ல் கட்டிய கத்தோலிக்கக் கோயில், கால்சட்டையின் இரண்டு கால்களைப்போல இரு கூடங்கள் உடையது. பீடம் ஒன்று; வெள்ளாளர் ஒரு கூடம், நாடார் மறு கூடம், நடுவே சுவர். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனமும், கந்தல் கட்டியவனுக்குக் காலடியும் கொடுப்பது பாவம் என்கிற யாக்கோபின் நிருபத்தை அந்தக் கூடங்களிலேயே படித்திருப்பார்கள். இருவரும் கேட்டிருப்பார்கள். சுவர் அசைந்ததா? 1910-ல் கௌசானல் என்கிற பாதிரியார் ஆட்களைக்கொண்டு இடித்த பிறகுதான் போயிற்று. அதன்மேல் வெள்ளாளர் போட்ட வழக்கு சென்னை ஹைக்கோர்ட்டு வரை போய்த் தோற்றது. அதோடு ஜாதி ஒழிந்ததா? எறையூரில் தாழ்த்தப்பட்ட வகுப்புக் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டதன்பேரில் 2008-ல் கலகம் உண்டாகி, போலீசார் சுட்டு இருவர் மாண்டார்கள். ஒரே வேதம், ஒரே சபை, ஒரே ஞானஸ்நானம்!

அடிமைத்தனத்தை எதிர்த்துப் பாடுபட்டவர்களும் பைபிளைப் படித்த கிறிஸ்தவர்கள்தானே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான்; வில்பர்போர்ஸும் குவேக்கர்களும் செய்ததை நாம் மறைக்கவில்லை. சுவரை இடித்தவரும் பாதிரியாரே. ஆனால் விற்றவனிடமும் மீட்டவனிடமும், கட்டியவனிடமும் இடித்தவனிடமும் இருந்தது ஒரே புஸ்தகமானால், வித்தியாசம் எங்கிருந்து வந்தது? புஸ்தகத்திலிருந்து வந்திருக்க முடியாது. எதிரில் நிற்பவனும் தன்னைப்போன்ற மனிதன் என்கிற உணர்ச்சி ஒருவனுக்கு இருந்தது, மற்றவனுக்கு இல்லை. அந்த உணர்ச்சி உள்ளவன் நல்ல வசனத்தைப் பொறுக்கினான். இல்லாதவன் தனக்கு வேண்டிய வசனத்தைப் பொறுக்கினான். பொறுக்கியது இருவருடைய புத்தியும்தான்.

வேதம் நல்லது, மனிதர்தான் கெட்டவர்கள் என்கிற சமாதானம் எல்லா மதத்தாரும் சொல்லுவதே. மனிதனைத் திருத்த வந்த வேதத்தை மனிதன்தான் திருத்திப் படிக்கவேண்டியிருக்கிறதென்றால், திருத்துகிற அந்த அறிவையே நேராக நம்பினால் என்ன?

ஆகவே, கிறிஸ்தவத் தோழர்களே! இன்றைய வசனம் என்ன என்று கேட்பதற்கு முன், உங்கள் ஊர்க் கோயிலில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் பிணம் எந்தத் தெரு வழியே போகிறது, யார் எந்தக் குழியில் புதைக்கப்படுகிறார்கள் என்று பாருங்கள். அதில் பேதம் இருந்தால், அதை ஒழிக்க எந்த அதிகாரத்தையும் புரட்ட வேண்டியதில்லை. நாளைக்கே ஒழிக்கலாம்.