பூட்டுக்கெனக் கொடுத்த எண்

சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்குவோரிடம் கைப்பேசி எண் கேட்கப்படுகிறது. பிறர் நம் கணக்கில் நுழையாமல் காக்கவே அவ்வெண் என்கின்றனர். காரணம் நியாயமானதே. ஆயினும், கொடுத்த எண் அதன்பின் எங்கெங்குச் செல்கிறது என்று நம் குடும்பங்களில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

அந்நாளில் ட்விட்டர் எனப் பெயர் பெற்றிருந்த நிறுவனம், பாதுகாப்புக்கென்று 14 கோடிக்கும் மேற்பட்டோர் தந்த தொலைபேசி எண்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் 2013 முதல் 2019 வரை விளம்பர வணிகத்துக்குப் பயன்படுத்தியது. இதற்காக 2022 மே மாதத்தில் அமெரிக்க அரசுக்கு 15 கோடி டாலர் அபராதம் செலுத்த இசைந்தது. இதனை வணிக முறைகேடு என்பாரும் உளர். நமக்கோ இது நம்பிக்கைத் துரோகமாகவே படுகிறது.

முகநூலில் நிகழ்ந்தது வேறு வகை. 2021 ஏப்ரலில் 106 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 53 கோடிப் பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் பிற விவரங்களும் இணையத்தில் எவரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியாயின. இந்தியரும் அவர்களுள் இருந்தனர். பூட்டை உடைத்து எவரும் நுழையவில்லை. நம் கைப்பேசியிலுள்ள எண்களைக் கொடுத்தால், அவற்றுக்குரியோர் முகநூலில் உளரா எனத் தேடித்தரும் வசதி ஒன்று இருந்தது. அதனுள் எண்களைக் குவியல் குவியலாகச் செலுத்தி, எந்த எண் எவருடையது என அறிந்துகொண்டனர். 2019-இலேயே அவ்வழியை அடைத்துவிட்டதாக நிறுவனம் கூறிற்று. வெளியேறிய எண்களைத் திரும்பப் பெற இயலுமா? 2022 நவம்பரில் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், முகநூலின் உரிமை நிறுவனமான மெட்டாவுக்கு 26.5 கோடி யூரோ அபராதம் விதித்தது.

கடவுச்சொல்லை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். வங்கி, எரிவாயு, ஆதார், பிள்ளைகளின் பள்ளி என எங்கும் கொடுத்து வைத்துள்ள எண்ணை மாற்றுவது அத்துணை எளிதன்று. பெயரும் எண்ணும் சேர்ந்து கிடைத்தவன், ‘வங்கியிலிருந்து பேசுகிறோம்’ என்று பெயர் சொல்லியே அழைக்கிறான். முதியோர் பலர் அப்பொழுதே நம்பிவிடுகின்றனர்.

நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது இன்னொன்று. ‘உங்கள் தொடர்புகளைக் காண அனுமதிக்கிறீர்களா?’ என்று செயலி கேட்கும்போது, நம் இளைஞர் படித்தும் பாராமல் இசைவு தருகின்றனர். அந்நொடியில் போவது அவர்தம் எண் மட்டுமா? பங்கின் உபதேசியார், ஊரிலுள்ள அத்தை, தனித்து வாழும் அண்டைவீட்டுக் கைம்பெண் ஆகியோரின் எண்களும் உடன் போகின்றன. அவர்கள் நம்மை நம்பித் தந்தவை அவை. அவர்களிடம் இசைவு கேட்டவர் யார்?

கைப்பேசியின் அமைப்புகளில் ஒவ்வொரு செயலிக்கும் ‘தொடர்புகள்’ அனுமதியை நிறுத்தும் வழியுண்டு. இன்றிரவே பிள்ளைகளைக் கொண்டு அதனைச் செய்விக்கலாம். பெற்றோரைவிட அவர்களே இதில் வல்லுநர். ஏமாந்து பணம் இழந்தவர் வெட்கி மறைத்திராமல், உடனே 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்க. தாமதமின்றிச் சொன்னால் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்புண்டு.