எண்ணூர் வெள்ளம் யார் எழுதிய விதி?

வடசென்னையில் வெள்ளம் வந்தால் "தலைவிதி" என்பதும், புயல் அடித்தால் "கடல் மாதாவின் கோபம்" என்பதும் நம் ஜனங்களுக்கு இன்றும் வழக்கமாயிருக்கின்றது. இந்த விதிப் பேச்சினால் லாபமடைகின்றவர் யார் என்பதை மாத்திரம் யாரும் யோசிப்பதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டிற்று. மழையை எந்த முதலாளியும் அனுப்பவில்லை என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால், மணலியிலுள்ள சென்னைப் பெட்ரோலியம் கார்ப்பரேஷன் ஆலையின் எண்ணெய் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றில் கலந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை படிந்ததே, அதையும் வருணபகவானா அனுப்பினார்? அதை அள்ளினவர்கள் யார்? வலையும் படகும் நாசமான அதே மீனவர்கள், கையில் வாளியோடு! 2017 ஜனவரி 28ந் தேதி காமராஜர் துறைமுகத்தருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டினபோதும் இதே வாளிதான். ஆறு வருஷத்திற்கு மேலாகியும் வாளியைத் தவிர வேறு ஏற்பாடு வந்து சேரவில்லையென்றால், இது விதியா, அலட்சியமா?

புயல் போன அதே மாதம் 26ந் தேதி இரவு, பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்த ஜனங்கள் பிள்ளை குட்டிகளோடு தெருவில் ஓடினார்கள். அதையும் நம் ஜனங்கள் "போதாத காலம்" என்றுதான் சொல்லவேண்டுமா?

சர்க்கார் சும்மா இருக்கவில்லை, திட்டம் போட்டிருக்கின்றது என்பார்கள். ஆம், போட்டிருக்கின்றது. 2050க்குள் சென்னையின் கரிப்புகைக் கணக்கைச் சரிக்கட்டுவதாகச் "சென்னைக் காலநிலைச் செயல் திட்டம்" 2023இல் வெளிவந்தது. இதன் நகல் 2022 செப்டம்பரில் ஜனங்களின் அபிப்பிராயத்திற்கென்று வெளியிடப்பட்டபோது எந்தப் பாஷையில் இருந்தது? இங்கிலீஷில்! கூச்சல் கிளம்பிய பிறகுதான் தமிழ் வந்தது. முழுகப் போகிறவனுக்குப் புரியாத பாஷையில் அவன் முழுகுவதைப் பற்றி எழுதிவிட்டு, "உன் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்பது, புரியாத மந்திரத்தைச் சொல்லித் தக்ஷிணை வாங்குவதற்கு எந்த விதத்தில் மேலானது என்று கேட்கின்றோம்.

புகையைக் குறைப்பது ஒரு வேலை, வெள்ளத்தைத் தாங்குவது வேறு வேலை என்று நிபுணர்கள் இரண்டு அத்தியாயமாகப் பிரிக்கின்றார்கள். எண்ணூரில் இரண்டும் ஒன்றுதான். வடசென்னை அனல் மின் நிலையத்திலும் வல்லூரிலும் நிலக்கரி எரிகின்றது. புகை ஆகாயத்திற்குப் போகின்றது. சாம்பல், குழாய் உடைந்த போதெல்லாம் ஆற்றுக்கு வருகின்றது. சாம்பல் படிந்து ஆழங்குறைந்த ஆறு மழைத் தண்ணீரை எப்படிக் கடலுக்குக் கொண்டுபோகும்? கொசஸ்தலை வடிநிலத்தில் மழைநீர்க் கால்வாய்கள் கட்ட ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடன் கொடுக்கச் சம்மதித்தது. கால்வாய் வெட்டுவது நல்லதுதான். ஆனால், கால்வாய் போய்ச் சேரும் ஆற்றையும் முகத்துவாரத்தையும் தூர்ந்து போக விட்டுவிட்டுக் கால்வாயை மாத்திரம் வெட்டினால், வாயைக் கட்டிவிட்டு விருந்து வைத்த கதையாகாதா?

"படிக்காத மீனவனுக்குத் திட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று சில கனவான்கள் கேட்கக்கூடும். எந்த மாதம் முகத்துவாரம் மூடும், எங்கே முன்பு இடுப்பளவு தண்ணீர் இருந்து இன்று கணுக்காலளவு சேறு இருக்கின்றது, எந்த இடத்தில் இறால் அற்றுப்போயிற்று என்பதெல்லாம் காட்டுக்குப்பத்தானுக்கும் முகத்துவாரக்குப்பத்தானுக்கும் தெரியும். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கும் தெரியும். ஆபீசில் வரைபடம் எழுதுகிறவருக்கு இது தெரியுமா? படிப்பு ஒரு ஜாதிக்கே சொந்தமென்று சொன்ன காலம் மலையேறி வருகையில், தண்ணீரைப் பற்றிய அறிவு மாத்திரம் நிபுணருக்கே சொந்தம் என்பதை எப்படி ஒப்புக்கொள்வது?

ஆகவே, தோழர்களே! நிவாரணப் பொட்டலத்திற்கு வரிசையில் நிற்பதோடு நம் கடமை தீர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் பகுதி சபை, வார்டு கமிட்டி ஆகியவைகளுக்கு 2022இல் விதிகள் செய்யப்பட்டன; கிராமங்களில் கிராம சபை இருக்கின்றது. திட்டம் முடிவாகும் முன்பே தமிழில் அங்கே வைக்கவேண்டும். ஆற்றில் இறங்குகிறவர்களுக்குத் திட்டக் கமிட்டியில் ஓட்டோடு ஸ்தானம் வேண்டும். குழாய் கசிந்தால் ஊதும் சங்கு ஒவ்வொரு குப்பத்திலும் வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் உள்ள தோழர்கள் இதை எண்ணூரான் தொல்லை என்று விட்டுவிடக்கூடாது. கடல் வார்டு எல்லை பார்த்து ஏறுவதில்லை.

நம்மைக் கேட்காமல் நமக்காகப் போடும் திட்டம் தர்மம். நம்மையும் உட்காரவைத்துப் போடும் திட்டம் உரிமை. தர்மம் வேண்டாம், உரிமையே வேண்டும் என்று சொல்லுங்கள்.