காளான் போட்டால் கலர் வருமா?

வாழைத்தண்டை நறுக்கியதும் மோரில் போடுவோம். இல்லைன்னா கறுத்துடும். அப்படிக் கறுக்க வைக்கும் என்சைமின் உறவுக்காரர்தான் டைரோசினேஸ். நம் தோலில் நிறம் தரும் மெலனின் உருவாக முதல் படியே இதுதான்.

அதைத் தடுப்பதாக சீரம், சோப்பு விளம்பரங்களில் அடிக்கடி வரும் பெயர் கோஜிக் ஆசிட். இது குடைக்காளான் சரக்கு இல்லை. ஜப்பானில் வேகவைத்த அரிசியில் வளர்க்கும் ‘கோஜி’ பூஞ்சையில் 1907-ல் கண்டறியப்பட்டது.

வேலை செய்யுமா? ஓரளவு. ஆனால் இதுபோன்ற பொருள்களை லேபில் பெரும்பாலும் சோதிப்பது பட்டன் காளானில் எடுத்த டைரோசினேஸ் மீது. மனித டைரோசினேஸ் வேறு மாதிரி. அங்கே ஜெயித்தது முகத்திலும் ஜெயிக்கும் என்று கேரண்டி இல்லை. கோஜிக் ஆசிட்டே மனித என்சைமிடம் திணறுகிறது. சிலருக்குத் தோல் அலர்ஜியும் வரும். முகம், கைகளில் போடும் கிரீம்களில் ஐரோப்பிய யூனியன் வைத்திருக்கும் உச்சவரம்பு 1%.

மங்கு, கரும்புள்ளிக்கு டாக்டர் சொல்லிப் போட்டால் அது சிகிச்சை. ஆனால் தஞ்சாவூர் வயலில் நாற்று நடும் அக்காவின் நிறம் நோயா என்ன? டெல்டா வெயிலில் குனிந்து நிற்கும் முதுகுக்கு மெலனின்தான் குடை. புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியை அதுதான் தாங்குகிறது.

2020-ல் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ பெயரில் இருந்து ‘ஃபேர்’ போயிடுச்சு. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் இருந்து “பொண்ணு கலரா?” எப்போ போகும்? கிரீமை விட முதலில் மாற வேண்டியது அந்தக் கேள்விதான்.