ஊருக்கெல்லாம் ஒரே சாவியா?

பட்டினப்பாக்கத்தில் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். கூடவே கம்பியை அரிக்கும் உப்பும் வரும். ரேஷன் கார்டளவே உள்ள 'ராஸ்பெர்ரி பை' கம்ப்யூட்டரும் அப்படித்தான். பூட்டாமல் விட்டால் வேண்டாதவர்களும் உள்ளே வருவார்கள்.

குழந்தைகள் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதிப் பழகட்டும் என்று கேம்பிரிட்ஜில் பிறந்த பலகை இது. 2012 பிப்ரவரி 29-ல் விற்பனைக்கு வந்தபோது விலை 35 டாலர். அதை இயக்கும் லினக்ஸுக்கோ காசே இல்லை. அது 'டெபியன்' வம்சம். நம் சென்னை ஸி-டாக்கில் உருவான 'பாஸ்' லினக்ஸும் அதே குடும்பந்தான்.

முன்பெல்லாம் எல்லாப் பலகைக்கும் ஒரே பெயர், 'பை'. ஒரே ரகசியச் சொல், 'ராஸ்பெர்ரி'. ஊருக்கெல்லாம் ஒரே சாவி! 2022 ஏப்ரலில் இந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். இப்போது முதல் தடவை லினக்ஸை ஏற்றும்போதே நாமாகப் பெயரும் சொல்லும் வைக்க வேண்டும். சுலபமாக இருக்கட்டுமென்று பிள்ளையின் பெயரையே வைத்துவிடாதீர்கள், சகோதரிகளே! அவன் அதில் காமிரா பொருத்தி வாசலைப் பார்க்கிறான் என்றால், சொல்லை ஊகித்த அந்நியனும் பார்க்கலாம் அல்லவா? பழைய கார்டு வைத்திருப்பவர்கள் இன்றே சொல்லை மாற்றட்டும்.

இன்னொன்று. லினக்ஸும் பிள்ளையின் வேலையும் குடியிருப்பது நகத்தளவு கார்டில். ஓடும்போதே பிளக்கைப் பிடுங்கினால் கார்டு கெடலாம். முறையாக 'ஷட் டௌன்' செய்த பிறகே ஸ்விட்சை அணைக்க வேண்டும். கார்டுக்கு ஒரு நகலும் எடுத்து வையுங்கள். மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டா போகிறது?