பெயர் நெய்த பாய்



திருச்செந்தூர் போகிற வழியில் ஆதிச்சநல்லூரில் என்றைக்காவது இறங்கியிருக்கிறீர்களா? திருநெல்வேலியிலிருந்து 24 கிலோமீட்டர்தான். நம்மில் பலரும் பஸ் ஜன்னல் வழியாக அங்குள்ள பழைய இடுகாட்டுப் பரம்பைப் பார்த்தபடியே கடந்துபோயிருப்போம்.

இந்த முறை இறங்கிப் பாருங்கள். 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டி எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு 1899 முதல் அலெக்சாண்டர் ரீ பல ஆண்டுகள் தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், நெற்றியில் கட்டும் மெல்லிய தங்கப் பட்டம், நெல் உமி என்று என்னென்னவோ கிடைத்தன. துணியின் மிச்சம்கூடக் கிடைத்தது. சென்னை எழும்பூர் மியூசியத்தில் இங்கே கிடைத்த வெண்கல மூடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூடியின் மேல் குட்டிக் குட்டியாய்ப் பறவைகளும் விலங்குகளும். ஒரு மூடிக்கு எதற்கு இவ்வளவு அழகு? செய்தவருக்கு அதில் ஆசை இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

2023 முதல் ஆதிச்சநல்லூரிலேயே தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடி பதித்து, நாம் நின்று பார்க்க வசதி செய்திருக்கிறார்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் அந்தக் கண்ணாடி மேல் குனிந்து நின்று வாய் பிளக்கிறார்கள். 3000 ஆண்டுக்கு முந்தைய கைவேலை என்றால் சும்மாவா!

இதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரு விஷயம் என் மனதைக் குடைகிறது. அதே தாமிரபரணியின் மேல்பக்கம், திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற ரோட்டில், அதே பொறுமையோடு இன்றும் கைகள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அங்கே நாம் எத்தனை பேர் இறங்குகிறோம்?

பத்தமடையைத்தான் சொல்கிறேன்.

பத்தமடைப் பாய் என்ற பெயரைக் கேட்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. ஆனால் அசல் பாயைத் தொட்டுப் பார்த்தவர்கள் குறைவு. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயப்போடுகிறார்கள். காய்ந்ததைக் கட்டுக் கட்டாய் ஓடுகிற தண்ணீரில் பல நாள் ஊறவிடுகிறார்கள். ஊறிப் பருத்ததை மறுபடி காயவைத்து, இன்னும் மெல்லிசாகக் கீறிச் சாயம் ஏற்றுகிறார்கள். பழைய நாளில் சிவப்புக்குப் பதிமுகக் கட்டை. இப்போது பெரும்பாலும் கடைச் சாயம்தான். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தறிக்கே போகிறது.

தறி என்றதும் பெரிய மர இயந்திரத்தை நினைக்காதீர்கள். தரையை ஒட்டி மூங்கில் கழிகளுக்கு நடுவே பாவு நூல் இழுத்துக் கட்டியிருக்கும். அதன்மேல் உட்கார்ந்து, நீளக் குச்சியின் நுனியில் ஒரு கோரையை மாட்டி, நூல்களுக்குள் மேலும் கீழுமாய் நுழைத்து இழுத்து, அச்சைத் தட்டி நெருக்க வேண்டும். பிறகு அடுத்த கோரை. நான் பார்த்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பத்து வயதில் தன் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழகியதாம். பேசிக்கொண்டே நெய்தவர், சட்டென்று நிறுத்தி நாலைந்து வரிசையைப் பிரித்தார். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஒரு கோரை நிறம் மாறி வந்துவிட்டதாம். வாங்குகிறவர்களுக்குத் தெரியவா போகிறது என்று கேட்டேன். தனக்குத் தெரியுமே என்றார்.

கல்யாணத்துக்கு நெய்கிற மெல்லிய ரகத்தைப் பட்டுப்பாய் என்கிறார்கள். கையில் எடுத்தால் பாய் மாதிரியே இருக்காது, புடவை போலத் துவளும். மணமக்கள் பெயரையும் கல்யாணத் தேதியையும் அதிலேயே நெய்து கொடுப்பார்கள். 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் போனதும் இந்த ஊர்ப் பாய்தான். புவிசார் குறியீடு கிடைத்தும் பத்து ஆண்டுக்கு மேல் ஆகிறது.

இவ்வளவு பெருமை இருந்தும் தறிகள் ஏன் குறைகின்றன? விடை நம் வீட்டு மூலையில் சுருட்டி வைத்திருக்கிற பிளாஸ்டிக் பாயில் இருக்கிறது. அது விலை குறைவு, கழுவினால் காய்ந்துவிடும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மாதச் செலவை எண்ணி எண்ணிப் பார்க்கிற குடும்பத்திடம் போய், தினமும் படுக்கப் பட்டுப்பாய் வாங்கு என்றா சொல்வது?

நெய்கிறவர்களில் அநேகர் லெப்பைக் குடும்பத்துப் பெண்கள். சமையல், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புவது எல்லாம் முடித்து, மிஞ்சிய நேரத்தில் தறியில் உட்காருகிறார்கள். ஒரு நல்ல பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். அதை விற்ற பணத்தை நாள் கூலியாக வகுத்துப் பார்த்தால் மனசு கனத்துப்போகும். படித்த மகள் தறிப் பக்கம் வர மாட்டேன் என்கிறாள். வேறு என்ன செய்வாள்? அம்மாவின் முதுகுவலியைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

ஆயுசு முழுக்க ஒரு வேலை மேல் பிரியம் வைத்திருப்பது பெரிய கொடுப்பினைதான். ஆனால் பிரியம் மட்டும் அடுப்பெரிக்காது. கலையை வாழவைக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். கடையில் அதே பாயைக் கையில் வைத்துக்கொண்டு, ‘கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க’ என்று பேரம் பேசுகிறோம். சூப்பர் மார்க்கெட்டில் பிஸ்கட் பாக்கெட்டுக்கு இப்படிக் கேட்போமா?

என் வேண்டுகோள் சின்னதுதான். தினசரி உபயோகத்துக்கு எந்தப் பாயை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் கல்யாணம் வந்தால் ஒரே ஒரு பத்தமடைப் பாய் வாங்குங்கள். மண்டபத்துக்கும் போட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் லட்சக்கணக்கில் போகிறது. ஒரு பாய் அதில் எந்த மூலைக்கு? நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாலாவது மிக்ஸியாக ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, நாலைந்து பேர் சேர்ந்து பெயர் நெய்த பாய் கொடுக்கலாமே.

வாங்கினால் வெயிலில் போடாதீர்கள், நிழலில் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். பீரோவுக்குள் ஒளித்துவைக்காமல் எடுத்து விரித்துப் புழங்குங்கள்.

அடுத்த முறை பாபநாசமோ குற்றாலமோ போகும்போது பத்தமடையில் இறங்கி, நெய்கிறவர் வீட்டுத் திண்ணையிலேயே வாங்குங்கள். கல்யாணப் பாய் என்றால் குறைந்தது இரண்டு மாதம் முன்னாடியே பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்து, முன்பணமும் கொடுத்துவிடுங்கள். கேட்ட விலையைக் குறைக்காமல் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்